பதினேழாம் நம்பர் பஞ்ச்

எட்டு வருஷமாக நீராவிக் குழாய் ஒட்டிய மனுஷன் கையில் துடைப்பத்தைக் கொடுத்த அன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கொடுத்தவர் போர்மேன். கொடுக்கச் சொன்னவர் மேனேஜர். ஸ்டோர் ரூமிலிருந்து அந்தத் துடைப்பத்தை எடுத்து நீட்டியவன் நான். யார் என்ன செய்தார்கள் என்று சொல்லும்போது என் பங்கையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அப்படியே அமுக்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அவனை எங்கள் கம்பெனியில் எல்லோரும் பதினேழு என்றுதான் கூப்பிடுவார்கள். பைப் வெல்டர் ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர் உண்டு. சுண்டுவிரல் நீளத்தில் இரும்பில் ஒரு பஞ்ச், அதன் நுனியில் அந்த நம்பர். ஒரு ஜாயிண்டை ஒட்டி முடித்து, ஆறவிட்டு, பக்கத்தில் பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் நம்பர் பைப்பில் பதிந்துவிடும். நாளைக்கு அந்த ஜாயிண்ட் ஒழுகினால் யாரைக் கேட்பது என்பதற்காக இந்த ஏற்பாடு. இவனுடையது பதினேழு. நாளாக ஆக அதுவே பேராகிவிட்டது. கோபம் வந்தால் அவன் பெண்டாட்டிகூட, "என்ன பதினேழு, காது அடைச்சிருக்கா?" என்பாள். கோபம் இல்லாத நேரத்தில் "ஏங்க".

அவர்கள் வீட்டின் முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பின்னறையில் அவனும் அவளும் ஐந்தாவது படிக்கிற மகளும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்பினால் ஒருவர் முழங்கை இன்னொருவர் தட்டில் இடிக்கும். அந்த வீட்டில் யாரும் எதையும் யாருக்கும் தெரியாமல் பேச முடியாது. அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

பதினேழு செய்த குற்றம், வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று சொன்னதுதான். நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊர்ச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வேலை பெர்மிட் ஒரு கம்பெனியின் பேரில் இருக்கும். இன்னொரு கம்பெனி இவனை எடுத்துக்கொள்கிறோம் என்று மனுப் போட்டு, பெர்மிட் ஆபீஸ் சரி என்றால் மாறிக்கொள்ளலாம். சட்டத்தைப் படிக்கும்போது பஸ் மாறுகிற மாதிரி சுலபமாக இருக்கும்.

அவன் ஏன் மாற நினைத்தான் என்றால், அதற்கு ஒரு தொட்டி காரணம். போன வருஷம் பெரிய இரும்புத் தொட்டிக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தபோது கூட இருந்த ஹெல்பர் புகையில் மயங்கி விழுந்தான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறியவன் இவன்தான். அன்றிலிருந்து தொட்டிக்குள் காற்று ஊதும் விசிறி ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மேனேஜர் ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்றார். ஊரின் மறுகோடியில் ஒரு பட்டறையில் விசிறி இறங்கிய பிறகுதான் ஆள் இறங்குவான் என்று கேள்விப்பட்டு, ஒரு லீவு நாளில் அங்கே போய்ப் பேசினான். அவனுடைய சர்டிபிகேட்டைப் பார்த்ததும் அவர்கள் அந்த வாரமே மனுப் போட்டுவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த மறுநாள்தான் துடைப்பம். திட்டவில்லை, அடிக்கவில்லை. வெல்டிங் டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டு, யார்டைக் கூட்டு என்று சொன்னார்கள். அதில் எவ்வளவு கணக்கான விஷமம் இருந்தது என்பது எங்களுக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. அழுத்தக் குழாய் ஒட்டுகிறவன் ஆறு மாதம் டார்ச் பிடிக்காமல் இருந்தால் சர்டிபிகேட் செத்துவிடும். ஆறு மாதத்துக்குள் வேலை செய்தான் என்று அவனுடைய சிறிய பச்சைப் புத்தகத்தில் கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அங்கீகாரம் உள்ள இன்ஸ்பெக்டர் ஒருவர் அவன் ஒட்டுவதைத் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் புதுக் கம்பெனியின் மனு செல்லாது. சர்டிபிகேட் உள்ள வெல்டர் என்று சொல்லித்தானே கேட்டிருக்கிறார்கள்.

மேனேஜரும் நம்ம மொழிக்காரர்தான். அதனால் அவர் சொல்வது புரியவில்லை என்று தப்பித்துக்கொள்ளும் வசதியும் எங்களுக்கு இல்லை.

ஐந்து மாதம் இப்படியே போனது. கிரைண்டர் தூளும் எரிந்து தீர்ந்த ராடுத் துண்டுகளும் மழை ஈரத்தில் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டினால் வராது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டினான். மற்ற வெல்டர்கள் வாசல் கேட், ஜன்னல் கிரில் ஒட்டுகிறவர்கள். அழுத்தக் குழாய்க்குச் சர்டிபிகேட் உள்ள இரண்டு பேர் ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த ஒருவன் கையில் துடைப்பம். பைப் வேலை மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. எப்படி நடக்கிறது என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. ஆறு மாதக் கெடு முடிய ஒன்பது நாள் பாக்கி. சாயங்காலம் நான் வரும்போது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் போர்வை மடிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க நீராவியில் நின்று வரும் முகம் சாயங்காலத்தில் சிவந்து உப்பியிருக்கும். அவளுடைய வேலை அனுமதி, மகளுடைய பள்ளிக்கூடம், எல்லாமே அவன் பெர்மிட்டோடு சேர்த்து முடிந்தவை. அது அவிழ்ந்தால் எல்லாம் அவிழும். மூன்று பேருடைய பெர்மிட் அட்டைகளையும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள்.

"இன்னிக்காவது கேட்டீங்களா?" என்றாள் அவனிடம்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அஞ்சு மாசமா நீ கூட்டிக்கிட்டு இருக்க, வெல்டிங் பண்ணினான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறதுன்னாரு. ரூல் அப்படி, தப்பா எடுத்துக்காதன்னாரு."

"கூட்டச் சொன்னது யாராம்?"

"அதையும் கேட்டேன்."

"அதுக்கு?"

"டீ குடிச்சியான்னு கேட்டாரு."

கத்தியைப் பலகையில் வைத்தாள். "நான் அங்க இருந்திருந்தா அந்த டீயை அவரு தலையிலயே ஊத்தியிருப்பேன்."

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகலை."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு? அண்ணே, நீங்களே சொல்லுங்க. இந்த மனுஷனுக்கு உடம்புல ரத்தம் ஓடுதா, இல்ல மோர் ஓடுதா?"

அவள் என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். இந்த மாதிரிக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். மகள் நோட்டுப் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள்.

"அப்பா, அப்பா என்ன வேலை பார்க்கிறாருன்னு ஸ்கூல்ல எழுதச் சொன்னாங்க. வெல்டர்னு எழுதவா, கூட்டுறாருன்னு எழுதவா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தப்பாக எழுதினால் டீச்சர் மார்க் குறைப்பார் என்ற பயம் அதற்கு. அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெல்டர்னே எழுது. இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றான் அவன்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. லாரிக்காகத் தார்ப்பாய் போட்டு அடுக்கி வைத்திருந்த பைப்புகளுக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத் தள்ளுவதற்காகத் தார்ப்பாயைத் தூக்கியவன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். நான் ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்த நம்பரைப் பாருங்க."

ஜாயிண்டுக்குப் பக்கத்தில் பதினேழு என்று பதிந்திருந்தது. அடுத்த ஜாயிண்டிலும் பதினேழு. தார்ப்பாயை இன்னும் தள்ளினோம். எல்லாம் பதினேழு.

"பழைய சரக்கா இருக்கும்டா" என்றேன்.

"பழசா? இது நான் துடைப்பம் பிடிச்சதுக்கு அப்புறம் வந்த பைப்பு அண்ணே, மேல எழுதின மார்க் கொஞ்சம்கூட அழியலை பாருங்க. விரலை வச்சுப் பாருங்க. ஓரம் தின்னுருக்கு. இங்க புழு மாதிரி நெளிஞ்சு போயிருக்கு. உள்ள ரூட்டு, அதான் அடியில ஓடுற முதல் வரிசை, அது பிடிச்சிருக்கவே பிடிச்சிருக்காது. இது என் கை இல்லை."

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குப் பஞ்ச் ஞாபகம் வந்தது. துடைப்பம் கொடுத்த அன்றே அவன் பஞ்சை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டான். அதற்கு அப்புறம் அநேகமாகத் தினமும் காலையில் போர்மேன் வந்து, "பதினேழை எடு" என்பார். எடுத்துக் கொடுப்பேன். டூல் புத்தகத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததற்கு என்ன காரணம் என்றால், என் பெர்மிட்டிலும் அதே மேனேஜர் கையெழுத்துதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இதை அவனிடம் சொன்னேன். ஒவ்வொரு ஜாயிண்டாக விரலை வைத்து எண்ணினான். அறுபத்திரண்டு.

வீட்டில் போய்ச் சொன்னபோது அவள் முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அவங்க கஸ்டமருக்குக் குடுக்கிற வெல்டிங் கணக்குப் புத்தகத்துல இதை யாரு ஒட்டினதா எழுதியிருப்பாங்க?"

"பதினேழுன்னுதான்."

"அஞ்சு மாசமும்?"

"அஞ்சு மாசமும்."

அவள் சிரித்தாள். ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "அப்ப என்ன கவலை உங்களுக்கு? அவங்க எழுத்துப்படியே நீங்க நேத்து வரைக்கும் வெல்டிங் பண்ணியிருக்கீங்க. அந்தப் புத்தகத்துல ஒரு காப்பி கேளுங்க. குடுக்கலைன்னா பச்சைப் புத்தகத்துல கையெழுத்தைப் போடச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு அவரு பண்ணித்தானே ஆகணும். மாட்டிக்கிட்டாரா இல்லையா அண்ணே?"

"மாட்டிக்கிட்டாரும்மா" என்றேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"அது என் கை இல்லை" என்றான் அவன்.

"யாரு கையா இருந்தா என்னங்க? நம்பர் உங்க நம்பர்தானே? திருடினது அவங்க. திருடினதை வச்சே நமக்குக் காரியம் ஆகுதுன்னா ஆகட்டுமே. நாமளா போய்த் திருடச் சொன்னோம்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எழுந்து கை கழுவியபோது தட்டில் பாதி அப்படியே இருந்தது. "நல்லதுக்குச் சொன்னாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க வேண்டியது" என்று அவள் முனகினாள். அதில்கூட அன்று கோபம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போர்மேன் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். நாலு வருஷத்தில் அவர் அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்கார இடம் பார்த்து, மகளின் புத்தகங்களை நகர்த்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் டீ போடப் போனாள். கூப்பிடு தூரம்கூட இல்லை, இரண்டு எட்டு.

"தம்பி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன்" என்றார். "வர்ற வியாழக்கிழமை கஸ்டமர் சைடுல இன்ஸ்பெக்டர் வர்றாங்க. பைப்பைப் பார்க்கணும், ஒட்டின ஆளையும் பார்க்கணும்கிறாங்க. நீ புது டிரஸ் போட்டுக்கிட்டு டார்ச்சைக் கையில வச்சுக்கிட்டு நில்லு. இதெல்லாம் நீ ஒட்டினதான்னு கேப்பாங்க. ஆமான்னு தலையை ஆட்டு. வேற ஒண்ணும் வேணாம்."

ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு மத்தியானமே உன் பச்சைப் புத்தகத்துல மேனேஜர் கையெழுத்துப் போட்டுடுவாரு. நீ மாறிக்கிறதுல ஆட்சேபணை இல்லைன்னு லெட்டரும் தந்துடுவாரு. டைப் அடிச்சு வச்சிருக்கு. என் கண்ணால பார்த்தேன். உனக்கும் நல்லது, எங்களுக்கும் தலைவலி விட்டுது."

"யாரு சார் ஒட்டினது?"

"நம்ம கிரில் ஆளுங்கதான். என்ன பண்ணச் சொல்ற? வேலையை நிறுத்த முடியுமா? நீ பாட்டுக்குக் கிளம்பறேன்னு நின்னுட்ட."

"அழுத்தம் ஏத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம், பார்த்தோம். ரெண்டு மூணு கசிஞ்சுது. மேல ஒரு பூச்சுப் போட்டு அடைச்சாச்சு."

"பூச்சுப் போட்டா நிக்குமா சார்? உள்ள ரூட்டே இல்லையே."

"தம்பி, நீ பரீட்சை எழுத வந்தியா, ஊர் போய்ச் சேராம இருக்க வழி பார்க்க வந்தியா?"

அவள் டீயோடு வந்தாள். நல்ல மரியாதையாகத்தான் கேட்டாள். "எந்த இடத்துக்குப் போற பைப்பு சார் இது?"

"பெரிய இடமெல்லாம் இல்லைம்மா. ஒரு ஆஸ்பத்திரி. அதுலயும் வார்டுப் பக்கம்கூட இல்லை. பின்னாடி, துணி துவைக்கிற இடம். போர்வை காய வைக்கிற மெஷினுக்குப் போற ஸ்டீம். அங்க யாரு இருக்கப் போறா?"

டீ கிளாஸ் அவள் கையிலேயே நின்றது. நீட்டவில்லை.

"நான் இருக்கேன் சார்."

போர்மேன் சிரித்தார். ஆறுதல் சொல்வதாகவே நினைத்தார், பாவம். "அட, நீங்க வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி இல்லைம்மா. இது வேற. எனக்குத் தெரியாதா? அப்படின்னா நான் இங்க வந்து கேப்பேனா?"

"எந்த ஆஸ்பத்திரியா இருந்தா என்ன சார்? போர்வை மடிக்க அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தி நிப்பா." குரல் உயரவில்லை. டீயை மேஜையில் வைத்தாள். "நான் நிக்கிற இடத்துல தலைக்கு ஒரு முழம் மேல பைப்பு போகுது. நாலு வருஷமா அதுக்குக் கீழதான் நிக்கிறேன். சூடு தாங்காம அண்ணாந்து பார்த்தா அந்த ஜாயிண்டுல ஒரு நம்பர் தெரியும். இருபத்தி மூணு. யாரோ ஒரு மனுஷன் இதுக்கு நான் பொறுப்புன்னு அடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான், அப்படின்னு நினைச்சுக்குவேன். எனக்கு அது ஒரு தைரியம். இப்பத்தானே தெரியுது, அந்த நம்பரும் எவன்கிட்ட இருந்து எடுத்ததோன்னு."

"அப்படியெல்லாம் யோசிச்சா ஒருத்தரும் வேலை பார்க்க முடியாதும்மா."

"எங்க வேலை பார்க்க விட்டீங்க? துடைப்பத்தைத்தானே குடுத்தீங்க?"

போர்மேன் எழுந்தார். அவள் ஆப்பிள் பையை எடுத்து அவர் கையில் திணித்தாள். "எடுத்துக்கிட்டுப் போங்க சார். பொண்ணுக்கு வேணும்னா நாங்க வாங்கிக்கிறோம்."

அவர் அவளைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார். "தம்பி, வியாழக்கிழமை வந்துடு. வீம்புக்காகக் குடும்பத்தைத் தெருவுல நிறுத்திடாத." படி இறங்கும் சத்தம் கேட்டது.

மேஜையிலிருந்த டீயை நான் எடுத்துக் குடித்தேன். வீணாக்குவானேன்.

"நேத்து நான் சொன்னதை மறந்துடுங்க" என்றாள் அவனிடம்.

"மறந்துட்டேன்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"வியாழக்கிழமை போறேன்."

"போயி?"

"டார்ச் குடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்கல்ல" என்றான். எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு போட்டாள், அவனும் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை காலையில் மடிப்புக் கலையாத நீலச் சட்டையும் பேண்ட்டும் கொடுத்தார்கள். ஸ்டோரில் நான் பஞ்சை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். டூல் புத்தகத்தில் ஐந்து மாதத்துக்கு அப்புறம் அவன் கையெழுத்து. அதற்கு மேலே பக்கம் பக்கமாகப் போர்மேன் கையெழுத்து. அதைப் பார்த்தான், பச்சைப் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

வந்தவர் அங்கீகாரம் உள்ள இன்ஸ்பெக்டர், நடுத்தர வயதுப் பெண். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, காலில் மண் படிந்த பூட்ஸ். மேனேஜர் காட்டிய பக்கமெல்லாம் பார்க்காமல் தனக்குத் தோன்றிய பைப்பைத் தூக்கிப் பார்த்தார். விரலை வைத்துத் தடவினார். பிறகு நம்பரைப் படித்துவிட்டு, பதினேழு யார் என்று கேட்டார். போர்மேன் அவன் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"இவை நீங்கள் ஒட்டியதா?" அந்த ஊர் மொழியில்தான் கேட்டார். பதினேழுக்கு அந்த மொழி அரைகுறைதான். ஆனால் அன்று பேசியது தெளிவாக இருந்தது.

"எனக்கு இதே அளவில் இரண்டு துண்டு பைப் கொடுங்கள். உங்கள் முன்னால் ஒட்டுகிறேன். அப்புறம் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்."

மேனேஜர் சாப்பாட்டு நேரம் ஆகிறது என்றார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அப்புறம் யாரால் என்ன செய்ய முடியும்?

அவன் அவசரப்படவில்லை. இரண்டு துண்டுகளின் வாயையும் கிரைண்டரில் சாய்வாகத் தேய்த்தான். துணியால் துடைத்தான். நடுவில் ஒரு கம்பியை வைத்து இடைவெளி பார்த்து, நாலு இடத்தில் பொட்டு வைத்து நிறுத்தினான். முகமூடியை இறக்குவதற்கு முன்னால் வலது கையை இரண்டு தடவை மூடித் திறந்தான். ஐந்து மாதம் துடைப்பம் பிடித்த கை நடுங்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. முதல் வரிசை அடியிலிருந்து ஏறியது. பாதியில் நிறுத்தி, மண்டியிட்டு, தலையைச் சாய்த்து மறுபக்கம் ஏறினான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அடுத்த வரிசை, அதற்கு மேல் கடைசி வரிசை. கேட் ஒட்டுகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள், சமையல்காரர் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். முக்கால் மணி நேரம் ஒருவரும் வேலைக்குத் திரும்பவில்லை.

முகமூடியைத் தூக்கியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆறும்வரை காத்திருந்தான். பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. துண்டைக் கொண்டுபோய் மற்ற பைப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது பதினேழு. அந்த அறுபத்திரண்டும் பதினேழு இல்லை. நான் ஐந்து மாதமாக இந்த யார்டைக் கூட்டுகிறேன்."

இன்ஸ்பெக்டர் புது ஜாயிண்டைத் தடவினார். பழையதைத் தடவினார். மறுபடி புதியதுக்கு வந்தார். கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ரூட்டைப் பார்த்தார். மேனேஜர் இவனுக்குக் கம்பெனி மேல் காழ்ப்பு, வேலையை விட்டுப் போகிறவன் என்று என்னென்னவோ சொன்னார். இன்ஸ்பெக்டர் அதற்குக் காது கொடுக்காமல், இவ்வளவு நாளும் இந்தப் பஞ்ச் யார் கையில் இருந்தது என்று பொதுவாகக் கேட்டார்.

அங்கே அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர். போர்மேன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் பெர்மிட் முழுசாக இருந்தது. ஸ்டோருக்குள் போய் டூல் புத்தகத்தை எடுத்து வந்து இன்ஸ்பெக்டர் மடியில் வைத்தேன். வீரத்தில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்து மாதம் எடுத்துக் கொடுத்த கை எனக்குக் கூசியது, அவ்வளவுதான்.

சிவப்புச் சாக்பீஸால் அறுபத்திரண்டு ஜாயிண்டிலும் குறுக்குக் கோடு விழுந்தது. எல்லாவற்றையும் அறுத்தெடுத்து, சர்டிபிகேட் உள்ள வெல்டர் பத்து நாளில் புதிதாக ஒட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். போகும்போது பதினேழு பச்சைப் புத்தகத்தை நீட்டினான். இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்தார். கடைசிக் கையெழுத்தின் தேதியைப் பார்த்தார், கடிகாரத்தில் அன்றைய தேதியைப் பார்த்தார். ஆறு மாதம் முடிய இரண்டு நாள் பாக்கி. கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் சும்மா விடுவாரா? சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது. பெர்மிட் கேன்சல். முப்பது நாளுக்குள் வேறு பெர்மிட் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேரும் கிளம்ப வேண்டும். அவளுடைய வேலை அனுமதியும் அன்றோடு சரி. புதுக் கம்பெனியின் மனு ஆபீஸில் எந்த மேஜையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்குக் கேன்சல் வரவில்லை. என்னை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தத் துடைப்பம் இப்போது என் கையில்.

மறுநாள் காலை. நான் யார்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் மகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். அவன் குளியலறையில் இருந்தான். அவன் போன் மேஜையில் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு அவளே எடுத்து, கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான் மேனேஜர் பேசறேன். அவர் இல்லையா?"

"குளிக்கிறாரு. சொல்லுங்க சார்."

"நேத்து ஏதோ கோபத்துல நடந்துபோச்சு. நாமெல்லாம் ஒரே ஊர்க்காரங்க மாதிரி. கேன்சலை நான் வாபஸ் வாங்கிடறேன். நீங்க, குழந்தை, எல்லாருக்கும் பழையபடி ஆயிடும். அவரு வந்து அந்த அறுபத்திரண்டையும் அறுத்து ஒட்டிக் குடுக்கட்டும். அப்புறம் எங்க போறதுன்னாலும் போகட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"வாபஸ் எப்ப சார் ஆகும்?"

"இன்னிக்கு மனுக் குடுத்தா திங்கக்கிழமை ஆயிடும். ஆனா வேலையை இன்னிக்கே ஆரம்பிக்கணும். பத்து நாள்தான் குடுத்திருக்காங்க. வேற ஆள் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். ஃபிரிட்ஜ் கதவில் மூன்று அட்டைகளும் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். சரி என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் தப்புச் சொல்லியிருக்க மாட்டேன். குளியலறைக் கதவு திறந்து அவன் தலையில் ஈரத்தோடு நின்றான். அவளைப் பார்த்தான்.

"பெர்மிட் இல்லாத ஆளை எப்படி சார் வேலைக்கு அனுப்புறது?" என்றாள்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்மா."

"இல்ல சார். ரூல் அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க."

டிபன் பாக்ஸை எடுத்து மகள் பைக்குள் வைத்தாள்.

"டீ குடிச்சீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனை அணைத்தாள்.

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது.

"இருபத்தொன்பது நாள் இருக்கு" என்றான் பதினேழு.

"இருக்கட்டும்" என்றாள். "புதுக் கம்பெனிக்குப் போன் போட்டு, சர்டிபிகேட் சாகலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வந்து அந்த வெங்காயத்தை நறுக்குங்க."